பிரிட்டனின் காட்டுப் பாலூட்டிகள்: சிவப்புப் பட்டியலைப் படிப்பதும் தடயம் தேடிப் பதிவதும்

பிரிட்டனின் காட்டுப் பாலூட்டிகளைக் கண்ணால் பார்த்தே கணக்கெடுத்துவிடலாம் என்று கிளம்பினால், முயல், சாம்பல் அணில், சாலையோரம் அடிபட்டுக் கிடக்கும் பேட்ஜர் (வளை தோண்டி வாழும், முகத்தில் கறுப்பு வெள்ளைக் கோடுள்ள விலங்கு) என்று நாலைந்தோடு நோட்டு நின்றுவிடும். மற்றவை பெரும்பாலும் இருட்டில் நடமாடும், அல்லது புல்லுக்கு அடியிலோ மரக்கிளைகளுக்குள்ளோ ஒளிந்திருக்கும். ஆகவே புழுக்கை, கடித்துப் போட்ட கொட்டை, காலடித் தடம், வளை வாசல் ஆகியவற்றைப் படிக்கத் தெரிய வேண்டும். அதோடு, கண்டுபிடித்த உயிரியின் நிலை என்ன என்பதைச் சரியான பட்டியலில் பார்க்கவும் தெரிய வேண்டும். பெரும்பாலான தவறுகள் இந்த இரண்டாவது இடத்தில்தான் நடக்கின்றன. முதலில் அதை முடித்துவிடலாம்.

எந்தப் பட்டியல், எந்த எல்லை

எந்த இனம் அழிவுக்கு எவ்வளவு அருகில் இருக்கிறது என்று தரம்பிரிப்பது சிவப்புப் பட்டியல். பிரிட்டனின் பாலூட்டிகளுக்கான பட்டியல் 2020 ஜூலையில் வெளியானது. தயாரித்தது மேமல் சொசைட்டி என்ற பாலூட்டிப் பாதுகாப்பு அமைப்பு. மண்ணுக்குரிய 47 இனங்களை மதிப்பிட்டதில் 11 இனங்கள் அழிவு அபாயத்தில் இருப்பதாகத் தெரிந்தது. காட்டுப்பூனையும் பெரிய எலிச்செவி வௌவாலும் 'மிக அருகியவை'. பீவர் (அணை கட்டும் கொறிவிலங்கு), செவ்வணில், நீர் வோல் (நீர்க்கரை வளையில் வாழும், எலி போன்ற கொறிவிலங்கு), சாம்பல் நெடுஞ்செவி வௌவால் ஆகிய நான்கும் 'அருகியவை'. முள்ளெலி, ஹேசல் டார்மவுஸ் (மரங்களில் வாழும், சுண்டெலி போன்ற கொறிவிலங்கு), ஆர்க்னி வோல், செரோட்டின் வௌவால், பார்பஸ்டெல் வௌவால் ஆகிய ஐந்தும் 'அழிவாய்ப்புள்ளவை'. இவற்றுக்கு ஒரு படி கீழே, 'அச்சுறுநிலையை அண்மித்தவை' என்ற தட்டில் மலைமுயலும் அறுவடைச் சுண்டெலியும் இன்னும் மூன்று இனங்களும் வருகின்றன.

இதைப் படிக்கும்போது மூன்று விஷயங்களைக் கவனியுங்கள்.

முதலாவது, 'பிரிட்டன்' என்பது இங்கே இங்கிலாந்து, வேல்ஸ், ஸ்காட்லாந்து மூன்றும் அவற்றின் தீவுகளும் மட்டுமே. வட அயர்லாந்து இதில் சேராது. அயர்லாந்துத் தீவுக்குத் தனிப் பட்டியல் உண்டு. நீர் வோல் அயர்லாந்தில் கிடையவே கிடையாது. அங்கே அது 'அழிந்துவிட்டது' என்று எழுதினால் இல்லாத சோகத்தை நாமே உண்டாக்கியதாகிவிடும்.

இரண்டாவது, ஒரே உயிரிக்கு எல்லைக்கு எல்லை நிலை மாறும். செவ்வணில் உலக அளவில் 'கவலை குறைந்தது', பிரிட்டன் அளவில் 'அருகியது', ஸ்காட்லாந்தை மட்டும் எடுத்தால் 'அச்சுறுநிலையை அண்மித்தது'. பைன் மார்ட்டன் (மரமேறும் சிறு ஊனுண்ணி) பிரிட்டன் அளவில் கவலை குறைந்தது. ஆனால் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் மிக அருகியது, ஏனென்றால் அதன் கூட்டத்தில் பெரும்பகுதி ஸ்காட்லாந்தில் இருக்கிறது. முள்ளெலி பிரிட்டனில் 2020-லேயே அழிவாய்ப்புள்ளதாகிவிட்டது. உலகப் பட்டியலில் 2024-ல்தான் அச்சுறுநிலையை அண்மித்ததாக உயர்ந்தது. ஆகவே நிலையை மட்டும் தனியாக எழுதாதீர்கள். 'நீர் வோல், அருகியது, பிரிட்டன், 2020' என்று எல்லையும் ஆண்டும் சேர்ந்தே வரட்டும்.

மூன்றாவது, மனிதர் கொண்டுவந்து விட்ட இனங்கள் பெரும்பாலும் இந்த மதிப்பீட்டில் இல்லை. முயல் நார்மானியர் காலத்தில் வந்தது, அதனால் பிரிட்டன் பட்டியலில் அதற்கு நிலை இல்லை. ஆனால் அதன் தாயகமான ஐபீரியத் தீபகற்பத்தில் குறைந்துவிட்டதால் உலகப் பட்டியலில் அது அருகிய இனம். சீன நீர்மானும் அப்படித்தான்: உலக அளவில் அழிவாய்ப்புள்ளது, இங்கிலாந்தின் கிழக்குப் பகுதியிலோ வேற்றிடத்து விலங்கு.

நிலையின் காரணத்தையும் பாருங்கள். 'அழிவாய்ப்புள்ளது' என்ற ஒரே சொல்லுக்குப் பின்னால் வெவ்வேறு கதைகள் இருக்கும். பத்து ஆண்டுகளில் அல்லது மூன்று தலைமுறைகளில், எது நீளமோ அந்தக் காலத்தில், எண்ணிக்கை 30 சதவீதம் சரிந்தாலும் அந்தத் தட்டுதான் (50 சதவீதம் என்றால் 'அருகியது', 80 என்றால் 'மிக அருகியது'). முதிர்ந்த விலங்குகள் மொத்தமே 1,000-க்குக் கீழே இருந்தாலும் அதே தட்டுதான். பரவலாக இருந்து வேகமாகக் குறையும் விலங்குக்கு ஊரெங்கும் கண்காணிப்பு தேவை. ஆர்க்னி வோல் போல ஒரு தீவுக்கூட்டத்தில் மட்டும் வாழ்வதற்கு, 2010-ல் அங்கே முதன்முதலாகப் பதிவான ஸ்டோட் என்ற சிறு ஊனுண்ணியைப் பிடித்து அகற்றுவதே முதல் வேலை. எந்த அளவுகோலின்படி அந்த நிலை என்று பட்டியலில் காட்டும் எழுத்தைப் படிக்காமல் நிறத்தை மட்டும் பார்ப்பவர்களுக்கு இந்த வேறுபாடு பிடிபடாது.

கிளம்புமுன் சட்டம்

1981-ம் ஆண்டின் வனவிலங்கு மற்றும் நாட்டுப்புறச் சட்டம், 1992-ம் ஆண்டின் பேட்ஜர் பாதுகாப்புச் சட்டம், 2017-ம் ஆண்டின் வாழிட ஒழுங்குமுறைகள் (இங்கிலாந்து, வேல்ஸ்) ஆகிய மூன்றும் உங்கள் வேலையைத் தொடும். டார்மவுஸ் கூட்டுப்பெட்டியைத் திறக்கவும், வௌவால் தங்குமிடத்துக்குள் நுழைந்து அவற்றைக் கலைக்கவும் உரிமம் வேண்டும். நீர் வோலுக்கு இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2008 ஏப்ரல் முதல் முழுப் பாதுகாப்பு. பீவருக்கு ஸ்காட்லாந்தில் 2019 மே முதலும் இங்கிலாந்தில் 2022 அக்டோபர் முதலும் பாதுகாப்பு. இங்கிலாந்தில் நேச்சுரல் இங்கிலாந்து, ஸ்காட்லாந்தில் நேச்சர்ஸ்காட், வேல்ஸில் நேச்சுரல் ரிசோர்சஸ் வேல்ஸ் உரிமம் தரும். கீழே சொல்லும் முறைகள் எல்லாம் விலங்கைத் தொடாமல் செய்பவை. நில உரிமையாளரின் அனுமதி மட்டும் எல்லாவற்றுக்கும் தேவை. உயிருடன் பிடிக்கும் பொறியைப் புதியவர்கள் தொடாமலிருப்பது நல்லது. ஷ்ரூ (சுண்டெலி போன்ற, பூச்சி தின்னும் சிறு பாலூட்டி) இனங்கள் சில மணி நேரம் இரையில்லாமல் இருந்தாலே செத்துப்போகும்.

முள்ளெலி: தடச் சுரங்கம்

நெளி பிளாஸ்டிக் தகட்டை மடித்து முக்கோண வடிவில் ஒரு சுரங்கம் செய்து கொள்ளுங்கள். நீளம் சுமார் 120 செ.மீ., உள்ளே முள்ளெலி தாராளமாக நுழையும் அகலம். அதற்குள் சறுக்கி நுழையும் தட்டு ஒன்று. தட்டின் நடுவில் உணவுக் கிண்ணம், அதன் இருபுறமும் ஒட்டுநாடாவின் மேல் பூசிய மைப்பட்டை, இரு முனைகளிலும் ஒவ்வொரு ஏ4 தாள். விலங்கு தாளைக் கடந்து, மையை மிதித்து, தின்றுவிட்டு வெளியேறும்போது தடம் தாளில் விழும்.

மை என்பது கரித்தூளைச் சமையல் எண்ணெயில் குழைத்தது. கடை மை வேண்டாம். விலங்கு பாதத்தை நக்கும். கூழ் போல வழிந்தால் தாள் முழுக்கத் திட்டாகும், களிபோல இறுகினால் பாதத்தில் ஒட்டாது. ஒவ்வொரு காலையும் தாளை மாற்றி, மையைப் புதுப்பியுங்கள். உணவாக முள்ளெலித் தீனியோ இறைச்சி கலந்த பூனை, நாய் உணவோ போதும். பாலும் ரொட்டியும் வைக்கவே கூடாது. முள்ளெலிக்குப் பால் செரிக்காது, வயிற்றுப்போக்கு வரும்.

ஒரு கிலோமீட்டர் சதுரத்துக்கு 10 சுரங்கம், தொடர்ந்து 5 இரவு. வேலி, சுவர், புதர் ஓரத்தை ஒட்டியே வையுங்கள், முள்ளெலி ஓரம் பிடித்துத்தான் நடக்கும். திறந்த புல்வெளியின் நடுவில் வைத்த சுரங்கம் வெறுமையாகத்தான் இருக்கும். கூடார முளை அடித்துப் பொருத்தாவிட்டால் நரியோ பேட்ஜரோ புரட்டிப் போட்டுவிடும். காலம் மே முதல் செப்டம்பர் வரை. நவம்பர் முதல் மார்ச் வரை அது குளிர்த்தூக்கத்தில் கிடக்கும், அப்போது கிடைக்கும் வெற்றுத் தாளுக்கு மதிப்பில்லை.

தாளைப் படிப்பது: முள்ளெலியின் முன்னங்கால் தடம் விரல்களை விரித்த சின்னக் கைபோல அகலமாக இருக்கும், பின்னங்கால் தடம் ஒடுங்கி நீளமாக இருக்கும். பூனைத் தடம் வட்டம், நான்கு விரல், நகக் குறி இல்லை. எலியின் முன்னங்காலில் நான்கு விரல், பின்னங்காலில் ஐந்து, எல்லாம் மெலிதாகவும் சிறிதாகவும் இருக்கும். தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து கறுத்துப்போன தாளில் ஊகிக்காதீர்கள், ஓரத்தில் தனியாக விழுந்த ஒரு தடம் பெரும்பாலும் இருக்கும், அதைத் தேடுங்கள்.

சுரங்கத்தில் முள்ளெலி பதிந்தும் பக்கத்துத் தோட்டத்தில் பதியவில்லை என்றால், நடுவில் இருக்கும் வேலியைப் பாருங்கள். அடியில் 13-க்கு 13 செ.மீ. துளை ஒன்று போதும். அது பெரும்பாலான நாய்களுக்குச் சிறிது, முள்ளெலிக்குச் சரியானது. 2022-ல் வந்த நாடளாவிய அறிக்கையின்படி 2000-க்குப் பிறகு கிராமப்புற முள்ளெலிகள் இடத்துக்கு இடம் 30 முதல் 75 சதவீதம் வரை குறைந்துள்ளன. நகர்ப்புறத்திலோ சரிவு நின்று, சிறிது மீளும் அறிகுறி தெரிகிறது. அதனால் வீட்டுத் தோட்டத்தின் துளையை விளையாட்டு வேலை என்று நினைக்க வேண்டாம்.

நீர் வோல்: புழுக்கை பேசும்

ஓடையோரத்தில் 'பெரிய எலி' என்று சொல்லப்படுவது நீர் வோலா, பழுப்பு எலியா என்பதுதான் கேள்வி. நீர் வோலுக்கு மழுங்கிய மூக்கு, ரோமத்தில் மறைந்த காது, ரோமம் படர்ந்த வால். ஆனால் அது நின்று காட்டாது, தொப்பென்று நீரில் குதிக்கும் சத்தம்தான் மிஞ்சும்.

நம்பகமான சான்று கழிப்பிடம். இனப்பெருக்கக் காலத்தில் ஒரே இடத்தில் திரும்பத் திரும்பப் புழுக்கை போட்டு, மிதித்துத் தட்டையாக்கி, மேலே புதிதாகவும் போடும். புழுக்கை 8 முதல் 12 மி.மீ. நீளம், 4 முதல் 5 மி.மீ. தடிமன், இரு முனையும் மழுங்கல், பச்சையிலிருந்து பழுப்பு வரை நிறம், வாடை கிடையாது. எலிப் புழுக்கை பெரியது, ஒரு முனை கூம்பும், நாறும். உடைத்துப் பார்த்தால் நீர் வோலுடையதில் நன்றாக அரைபட்ட பசுந்தழை மட்டுமே இருக்கும்.

அடுத்தது தீனிக் குவியல்: சுமார் 10 செ.மீ. நீளத் தண்டுகள், முனையில் 45 பாகைச் சாய்வு வெட்டு, பற்குறி தெளிவாகத் தெரியும். வயல் வோலும் சாய்த்துத்தான் வெட்டும், ஆனால் துண்டுகள் சின்னச் சின்னதாக இருக்கும். இந்த ஒன்றை மட்டும் வைத்து முடிவுக்கு வராதீர்கள். வளை வாசல் 4 முதல் 8 செ.மீ. அகலம், உயரத்தைவிட அகலம் அதிகம், வாசலைச் சுற்றிப் புல் ஒட்ட மேய்ந்திருக்கும். வளை மட்டும் இருந்தால் 'வோல் இருக்கலாம்' என்பதோடு நிறுத்துங்கள். கைவிட்டுப்போன வளை ஆண்டுக்கணக்கில் நிற்கும்.

இரண்டு முறை போக வேண்டும்: ஏப்ரல் நடுவிலிருந்து ஜூன் முடிவுக்குள் ஒன்று, ஜூலை முதல் செப்டம்பருக்குள் ஒன்று. கனமழைக்குப் பிறகு உடனே போனால் எல்லாம் அடித்துக்கொண்டு போயிருக்கும், நீங்களும் 'இல்லை' என்று எழுதிவிடுவீர்கள். நீர் மட்டம் இறங்கி ஒரு வாரமாவது போகட்டும். கரையிலிருந்து எட்டிப் பார்ப்பதைவிட, பாதுகாப்பு என்றால், நீருக்குள் இறங்கிக் கரையைப் பார்த்தபடி நடப்பது இரட்டிப்புப் பயன் தரும். புல்லுக்கு அடியில் இருப்பது மேலிருந்து தெரியாது.

எல்லாம் பொருத்தமாக இருந்தும் வோல் இல்லையா? மிங்க்கைச் சந்தேகியுங்கள். ரோமத் தொழிலுக்காகக் கொண்டுவந்து, பண்ணைகளிலிருந்து தப்பிப் பரவிய அமெரிக்க விலங்கு அது. பெண் மிங்க் ஒல்லி, நீர் வோலின் வளைக்குள்ளேயே நுழைந்துவிடும், ஒரு கரையின் கூட்டத்தை ஒரே பருவத்தில் காலி செய்யும். 1989-90, 1996-98 ஆகிய இரு நாடளாவிய கணக்கெடுப்புகளுக்கு இடையில் நீர் வோலின் எண்ணிக்கை கிட்டத்தட்ட 90 சதவீதம் விழுந்ததில் இதற்குப் பெரும்பங்கு உண்டு. மிங்க் இருப்பதை அறிய மிதவை வைப்பார்கள்: ஒட்டுப்பலகையும் மிதக்கும் நுரைப்பலகையும் சேர்ந்த சிறு தெப்பம், மேலே ஒரு சுரங்கப்பெட்டி, உள்ளே ஈரம் காயாத களிமண் தட்டு. ஒன்றிரண்டு வாரத்துக்கு ஒருமுறை தட்டைப் பார்த்து, தடத்தைப் படமெடுத்து, களிமண்ணை வழித்து மட்டமாக்குங்கள். நீர் வோலின் தடமும் அதே தட்டில் விழும், அது இலவச லாபம்.

டார்மவுஸ்: கொட்டையின் விளிம்பு

ஹேசல் டார்மவுஸ் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் மட்டுமே உண்டு, ஸ்காட்லாந்தில் இல்லை. 2000-க்குப் பிறகு அதன் எண்ணிக்கை 70 சதவீதம் அளவுக்குச் சரிந்துவிட்டது. மரத்திலேயே பச்சை ஹேசல் கொட்டையைக் கொறித்து ஓட்டைக் கீழே போடும். நாம் குனிந்து பொறுக்க வேண்டியதுதான்.

செப்டம்பரிலிருந்து டிசம்பருக்குள் போங்கள். நன்றாகக் காய்த்த ஹேசல் புதர்களின் அடியில் 10 மீட்டருக்கு 10 மீட்டர் சதுரம் ஒன்றை மனத்தில் வரைந்து, 20 நிமிடம் தேடுங்கள். கிடைக்காவிட்டால் அடுத்த சதுரம், அப்படி ஐந்து வரை. பிளந்த பாதி ஓடுகள் அணிலுடையவை, விட்டுவிடுங்கள். ஊசித்துளை அளவு ஓட்டை வண்டுப் புழுவுடையது. வட்டத் துளையுள்ளவற்றை மட்டும் பையில் போட்டு, பத்து மடங்கு உருப்பெருக்கியில் பாருங்கள்.

துளையின் உள்விளிம்பு கடைந்ததுபோல வழவழப்பாக இருந்து, வெளிப்பரப்பில் துளையைச் சுற்றிச் சாய்வான பற்குறிகள் இருந்தால் அது டார்மவுஸ். உள்விளிம்பில் குறுக்குக் கீறல்கள் வரிசையாக இருந்து வெளிப்பரப்பிலும் கீறல் இருந்தால் மரச்சுண்டெலி. குறுக்குக் கீறல் உண்டு, வெளிப்பரப்போ சுத்தம் என்றால் கரை வோல். புதியவர்கள் துளை எவ்வளவு வட்டம் என்று பார்த்து ஏமாறுவார்கள். மூன்றுமே வட்டமாகத் துளைக்கக் கூடியவை. விளிம்பைப் பாருங்கள், வட்டத்தைப் பார்க்காதீர்கள். சாம்பல் பூத்துப்போன பழைய ஓடு முந்தைய ஆண்டுகளுடையது, அதைத் தனியாகக் குறியுங்கள்.

ஹேசலே இல்லாத காட்டில் இந்த முறை எதையும் சொல்லாது. அங்கே டார்மவுஸ் முட்செடியிலும் ஹனிசக்கிள் கொடியிலும் வாழக்கூடும். குளிர்காலத்தில் அது தரையில், சருகுக்குள் உருண்டையாகத் தூங்கும். ஆகவே நவம்பருக்குப் பிறகு வாரியைக் கொண்டு சருகைக் கிளற வேண்டாம், கையால் மேலோட்டமாகப் பொறுக்குங்கள்.

நீர்நாயும் மற்றவையும், சுருக்கமாக

நீர்நாய் இப்போது பிரிட்டனில் கவலை குறைந்தது. 1950-களில் டீல்ட்ரின் போன்ற பூச்சிக்கொல்லிகள் அதைத் துடைத்தெறிந்தன. 1977-79-ல் இங்கிலாந்தில் பார்த்த இடங்களில் 6 சதவீதத்துக்கும் குறைவானவற்றில்தான் தடயம் இருந்தது. 2009-10-ல் அது 58 சதவீதத்தைத் தாண்டியது. பாலத்தடியிலும் ஆற்றில் துருத்தும் பாறையிலும் அதன் விட்டையைத் தேடுங்கள்: மீன் முள்ளும் செதிளும் நிறைந்து, மீன் வாடையோடு ஒருவித இனிய மணமும் இருக்கும். மிங்க்கின் விட்டை முறுக்கியிருக்கும், முகர்ந்தால் முகம் சுளிக்க வைக்கும். மூக்குதான் இங்கே கருவி, கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

வௌவாலுக்கு, நம் காதுக்கு எட்டாத அதன் குரலைக் கேட்க வைக்கும் ஒலியுணர் கருவி வேண்டும். சூரியன் மறைந்து 20 நிமிடத்தில் சாதாரண பிபிஸ்ட்ரெல் என்ற சிறு வௌவால் வெளியே வரும். கருவியின் அலைவரிசையை மாற்றி மாற்றி ஒலி எங்கே மிகத் தடிமனாகக் கேட்கிறது என்று பாருங்கள்: 45 கிலோஹெர்ட்ஸ் என்றால் சாதாரண பிபிஸ்ட்ரெல், 55 என்றால் சொப்ரானோ பிபிஸ்ட்ரெல். 50-ல் நின்றால் 'பிபிஸ்ட்ரெல், இனம் தெரியவில்லை' என்று எழுதுவதே நேர்மை. சிறிய குதிரைலாட வௌவால் 110 அருகே கூவும். அந்த அலைவரிசைக்கு நீங்களே போகாவிட்டால் அது தலைக்கு மேல் பறந்தாலும் கேட்காது. மாலை வெப்பம் 10 பாகைக்குக் கீழே இருந்தால் பூச்சி பறக்காது, வௌவாலும் குறையும், வீட்டிலேயே இருங்கள். பெரிய எலிச்செவி வௌவால் உங்கள் கருவியில் கேட்டது என்று நம்புவதற்கு முன் யோசியுங்கள்: 2002 முதல் பல குளிர்காலங்களில் சசெக்ஸ் சுரங்கம் ஒன்றில் ஒரே ஒரு ஆண் மட்டுமே பார்க்கப்பட்டது.

ஸ்காட்லாந்தின் மேட்டுநிலத்தில் தானியங்கிக் கேமராவில் பதிந்த வரிப்பூனையை உடனே காட்டுப்பூனை என்று அறிவித்துவிடாதீர்கள். வாலைப் பாருங்கள்: தடித்து, முனை மழுங்கி, வளையங்கள் தனித்தனியாக, முதுகுக் கோடு வாலின் அடியோடு நின்றிருக்க வேண்டும். வீட்டுப்பூனைக் கலப்புதான் அதன் முதல் எதிரி. ஆகவே ரோமக் குறிகள் ஏழுக்கும் 3 வரை மதிப்பெண் போட்டு 21-க்குக் கூட்டுவார்கள், 19-க்குக் கீழே என்றால் கண்டிப்பானவர்கள் ஏற்க மாட்டார்கள். மரபணுச் சோதனைதான் கடைசிச் சொல்.

பதிவு

என்ன, எங்கே, எப்போது, யார். இந்த நான்கில் ஒன்று குறைந்தாலும் பதிவு பயன்படாது. இடத்துக்கு ஆர்ட்னன்ஸ் சர்வே (பிரிட்டனின் தேசிய வரைபட அமைப்பு) கட்டக்குறி எழுதுங்கள்: ஈரெழுத்து, பிறகு கிழக்கு எண், பிறகு வடக்கு எண். ஆறு இலக்கம் 100 மீட்டர் துல்லியம், எட்டு இலக்கம் 10 மீட்டர். கைபேசி தரும் பத்து இலக்கத்தைக் குறைக்கும்போது கடைசி இலக்கங்களை வெட்டுங்கள், முழுமைப்படுத்த வேண்டாம். 4567-ஐ 457 ஆக்கினால் அடுத்த சதுரத்துக்குத் தாவிவிடுவீர்கள், 456 என்பதே சரி. வடக்கையும் கிழக்கையும் மாற்றிப் போட்டு, கடலுக்குள் முள்ளெலியைப் பதிந்தவர்கள் நிறையப் பேர்.

மேமல் மேப்பர் செயலியிலோ ஐரெக்கார்டு இணையதளத்திலோ அனுப்பலாம். படத்தில் அளவுகோல் அல்லது ஒரு நாணயம் சேர்ந்து வரட்டும். சரிபார்ப்பவர் கேள்வி கேட்டால் கோபப்படாதீர்கள், தடிமன் எவ்வளவு என்று அவர் கேட்பது உங்கள் புழுக்கையை எலியுடையது என்று ஒதுக்காமல் இருக்கத்தான். பேட்ஜர் வளை, செவ்வணில் கூடு, டார்மவுஸ் காடு ஆகியவற்றின் துல்லிய இடத்தைப் பொதுவெளியில் போடாமல் உயிரினப் பதிவுகளைச் சேகரிக்கும் பதிவகத்துக்கு மட்டும் கொடுங்கள்.

ஐந்து இரவும் வெற்றுத் தாள்தான் கிடைத்ததா? அதையும் அனுப்புங்கள், எத்தனை சுரங்கம், எந்தத் தேதிகள், மழை எப்படி என்ற விவரத்தோடு. வெற்று முடிவுகள் வந்து சேராவிட்டால், ஓர் இடத்தில் விலங்கு இல்லையா, அங்கே யாருமே தேடவில்லையா என்பதை அடுத்த பட்டியலைத் தயாரிப்பவரால் பிரித்தறிய முடியாது.